யாரைப் போய்க் கேட்பது?

குற்றாலத்தில் தனியார் அருவிகள் இருந்தன. மலையிலிருந்து இறங்கும் நீரோட்டத்தைத் தங்கள் தோட்டத்துக்குள் திருப்பி, செயற்கையாக ஓர் அருவியைக் கட்டி, தங்க வருகிறவர்களைக் காசு வாங்கிக் குளிக்கவிட்டன சில ரிசார்ட்டுகள். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கையில் எடுத்தது. குழு அமைத்து ஆய்வு செய்யவும், இயற்கை அருவியைத் திருப்பியவர்கள் மீதும் அதற்கு உடந்தையான அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. சொந்த நிலம், சொந்த முதலீடு என்பதெல்லாம் அங்கே நியாயமாக நிற்கவில்லை. மலைத் தண்ணீர் ஊருக்குப் பொது என்பதை நமக்கு எந்த நிபுணரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்மைப் பற்றிய தகவல் விஷயத்தில் மட்டும் ஏன் இன்னும் வாய்மூடி நிற்கிறோம்?

அதே மலையின் அடிவாரத்தில்தான் மத்தளம்பாறையும் இருக்கிறது. 2011-ல் ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. தென்காசியைச் சுற்றிப் படித்த பிள்ளைகள் சென்னைக்குப் பெட்டி கட்டாமல், வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். 2025 ஜூலையில் அந்நிறுவனம் ‘ஜியா’ என்ற பெயரில் சொந்தமாக ஒரு பெருமொழி மாதிரியை அறிவித்தது. பயனரின் தகவலை விளம்பரத்துக்கு விற்பதில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லியும் வருகிறது. எனக்கு இதில் பெருமைதான். ஆனாலும் நல்ல முதலாளியாக இருப்பது ஒருவருடைய குணம். அவர் காலத்தோடு அது போய்விடலாம். நிறுவனம் கைமாறினால் மறைந்துவிடலாம். ஆள் மாறினாலும் மாறாத பொறுப்பு நமக்கு வேண்டும். ஒரு நிறுவனத்தை மட்டும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. கடன் செயலி நடத்துபவர், காப்பீட்டு நிறுவனம், விண்ணப்பங்களைச் சலித்துத் தள்ளும் மென்பொருளை விற்பவர், போலீசுக்கு முகம் அறியும் கருவி கொடுப்பவர் என்று, செயற்கை நுண்ணறிவை வைத்து மனிதரை எடைபோடும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பொறுப்பு கைநழுவிப் போவது எப்படி என்று ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பீடிப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மடியில் சுளகை வைத்து நாள் முழுக்கச் சுற்றியதை ஏஜெண்டிடம் கொண்டுபோனால், சரியில்லை என்று அவர் கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார். ஏன் என்றால் கம்பெனி உத்தரவு என்பார். கம்பெனிக்குப் போனால், உன்னை எங்களுக்குத் தெரியாது, இலையும் தூளும் கொடுத்தவரைப் போய்க் கேள் என்று பதில் வரும். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் கூலி காணாமல் போகும். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இதை நிறுத்தப் பார்த்தது. வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் கொடுத்தாலும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றினாலும், யாருக்காகச் சுற்றப்படுகிறதோ அவரே முதன்மை முதலாளி என்று எழுதியது. அந்த ஒரு சட்டத்தால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் சங்கம் வைத்துப் பேச உட்கார்ந்தபோது, விரல் நீட்டிக் காட்ட எதிரே ஒரு முகம் இருந்தது.

இன்று அந்த முகம் மறுபடியும் மறைகிறது. தெலங்கானாவில் பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றாக இணைத்து, யார் உதவிக்குத் தகுதியானவர் என்று சொல்ல ‘சமக்ர வேதிகா’ என்ற ஏற்பாடு வந்தது. இந்தப் பதிவேட்டில் இருப்பவரும் அந்தப் பதிவேட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று பொருத்திப் பார்க்கும் மென்பொருளைக் கொடுத்தது ஹைதராபாத்தின் பாசிடெக்ஸ் என்ற தனியார் நிறுவனம். கார் இல்லாத வீட்டுக்கு, பெயர் ஒத்துப்போன வேறொருவரின் காரை முடிச்சுப் போட்டது கணினி. ரேஷன் அரிசி நின்றது. அம்மாநிலத்தில் இப்படிக் கணினிக் கணக்கை நம்பி ரத்து செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. மென்பொருளின் நிரலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு, அதன் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது என்று சொல்லி அரசு தர மறுத்தது. கம்பெனியைக் கேள், ஏஜெண்டைக் கேள் என்ற அதே பழைய அலைக்கழிப்பு. அலைக்கழிக்கப்பட்டவர் சோற்றுக்கு நின்றவர்.

உலகம் இதற்கு விதி செய்யாமல் இல்லை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் 2011 ஜூனில் வணிகமும் மனித உரிமையும் பற்றிய 31 வழிகாட்டு நெறிகளை ஒருமனதாக ஏற்றது. நாட்டில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் தொழிலால் மனிதருக்கு என்ன கேடு வரும் என்று நிறுவனம் தானே தேடிப் பார்க்க வேண்டும், வந்த கேட்டுக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது நெறி. மீறினால் தண்டனை கிடையாது. 2024 செப்டம்பர் 5 அன்று வில்னியஸ் நகரில் ஐரோப்பிய மன்றம், செயற்கை நுண்ணறிவையும் மனித உரிமையையும் பற்றி நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் சர்வதேச ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு வைத்தது. அதிலும் ஓர் ஓட்டை. அரசையும், அரசுக்காக வேலை செய்யும் நிறுவனங்களையும் அது நேராகக் கட்டுகிறது. மற்ற தனியாரை எப்படிக் கட்டுவது என்பதை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அணையைக் கட்டி முடித்துவிட்டு மதகை மட்டும் திறந்து வைத்தாற்போல. இந்தியா அதில் சேரவும் இல்லை.

நம் சட்டத்தைப் பார்ப்போம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குச் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க அதில் வழி செய்யவில்லை. இயந்திரம் எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்கும் உரிமையும் அதில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம், அதாவது 2027 மே.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். ஜெர்மனியில் ஒருவருக்கு இயந்திரம் மட்டுமே முடிவெடுத்துக் கடன் மறுத்தால், ஒரு மனிதர் தன் வழக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் அவருக்கு உரிமை தருகிறது. வேலையிடத்தில் ஊழியரின் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்கும் கருவி அங்கே 2025 பிப்ரவரி முதல் தடை. மீறினால் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் இந்திய நிறுவனமும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்படியானால் அந்தப் பாதுகாப்பை எழுதும் திறமை நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. பெர்லின்காரருக்கு அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பாவூர்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதும் அண்ணாச்சிக்குப் போடாமல் விடுவது என்ன நியாயம்?

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மாதிரியை வெளியே விடும் முன் அது யாரைத் தள்ளிவிடும் என்று அலுவலகக் கூட்டத்தில் வாய் திறந்து கேளுங்கள். பெயர்ப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் எழுதினால், ஒரே தெருவில் மூன்று சண்முகத்தாயும் நான்கு மாடசாமியும் இருக்கும் ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் கேட்டார், செய்து கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவின் பீடிக்கட்டைக் கழித்துப் போட்ட ஏஜெண்டும் அதைத்தான் சொன்னார். வாசிக்கிற நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். கடனோ வேலையோ உதவித்தொகையோ மறுக்கப்பட்டால், முடிவெடுத்தது மனிதரா இயந்திரமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

முதலாளிமார்களுக்கு ஒரு கல்லைக் காட்டுகிறேன். தென்காசி விசுவநாதர் கோயிலைப் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் பராக்கிரம பாண்டியர். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று பின்னால் வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்ற பொருளில் அங்கே பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார். கட்டியவரே, குறை வரலாம் என்று முதலில் ஒப்புக்கொண்டார். அதைத் தீர்க்க வருபவரின் காலில் ஓர் அரசர் விழுந்தார். உங்கள் மென்பொருளில் குறை கண்டு சொல்ல வருபவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். உட்கார நாற்காலி கொடுங்கள்.

2027 மே வரை எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். அடுத்த சாரல் தொடங்குமுன் இதைச் செய்துவிடலாம்: உங்கள் இயந்திரம் ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் ஒவ்வொரு திரையின் கீழும், மறுபடி விசாரிக்கப் பொறுப்பான ஒரு மனிதரின் பெயரையும், அவரைக் கூப்பிட்டுத் தமிழில் பேச ஒரு தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.