யாரை நம்பி நட்டார்கள்?

2023-இல் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தது. அதை நம்பி அப்பா மூன்று ஏக்கரில் குறுவை நட்டார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, பயிர் கருகியது. அந்தத் தண்ணீருக்காகச் சண்டை நடக்கும் பெங்களூரில்தான் எனக்கு வேலை. தினமும் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு போன் போடுவேன். "கர்த்தர் பார்த்துக்குவார்டா" என்பார். எனக்குக் கோபம் வரும். என் தொழிலில் நம்பகம் என்பது ஒரு எண். வருஷத்துக்கு எத்தனை நிமிஷம் சர்வர் விழலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். கடவுள் அப்படி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் 1779-இல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. அதைக் கட்டிய ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்தக் கோபம் இடம் மாறியது. 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடியது. கோட்டைக்குள் பஞ்சம். வெளியே ஊர்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடுதான் இல்லை. குடியானவர்கள் மாடு தர மறுத்தார்கள். ராஜாவும் கம்பெனியும் சொன்ன விலையை ஒழுங்காகக் கொடுத்ததில்லை. கடைசியில் ஸ்வார்ட்ஸ், 'என் கையாலேயே பணம் தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அவரும் சொன்னபடி கொடுத்தார். பிறகு கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடிகளில் சுமார் 7,000 பேர், அவர் வாக்கை நம்பியே வயலுக்குத் திரும்பினார்கள்.

அந்த மனிதரும் கர்த்தரை நம்பியவர்தான். ஆனால் விலை மலிந்திருந்தபோதே நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அப்படியும் பஞ்சத்தில் எத்தனையோ பேர் அவர் கண் முன்னாலேயே செத்தார்கள். அவருடைய ஜெபம் அதைத் தடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

தமிழ் வேதாகமத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. நாளை நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பது நம்பிக்கை. விசுவாசத்துக்கு நம் பேச்சுவழக்கில் இன்னொரு பொருளும் உண்டு: உண்மையாக இருப்பது, கைவிடாமல் இருப்பது. இத்தனை நாளும் அப்பாவிடம் இருந்தது முதலாவது என்று நினைத்துத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த அக்டோபரில் ஊருக்குப் போனேன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருந்தது. நடவு ஆட்களுக்குப் பாதிக் கூலி பாக்கி இருந்ததாம், அதைத் தீர்த்துவிட்டாராம். "அறுப்பே இல்லையேப்பா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவங்க கர்த்தர நம்பி நடலடா. என்னைய நம்பி நட்டாங்க."

கடவுள் ஏன் தண்ணீர் அனுப்பவில்லை என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. அந்த வருஷம் சம்பாவும் சரியாக வரவில்லை. ஆனால், கடவுளை நம்புகிறேன் என்று சொல்கிறவனை மற்றவர்கள் நம்ப முடிகிறதா என்ற கேள்விக்கு மட்டும் அன்று ஒரு பதில் கிடைத்தது. வளையலை இன்னும் மீட்கவில்லை. அடுத்த மாதம் நான் மீட்க வேண்டும்.