பரிசம்: விலையா, வாக்கா?

மலையகத் தோட்டங்களில் மண உறுதிக்கு வழங்கும் பழஞ்சொல் பரிசம் என்பதாகும். நிச்சயதார்த்தம் என்னும் சொல் அழைப்பிதழ்களில் இடம்பெறினும், அட்டன், நுவரெலியாப் பகுதி லயங்களில் முதியோர் ‘பரிசம் போட்டாயிற்று’ என்றே கூறுவர்.

சைவ சித்தாந்தம் கூறும் தன்மாத்திரைகளுள் ஒன்றான பரிசம், ஸ்பர்சம் என்பதன் தற்பவம். ஊறு என்னும் பொருளது. மணப் பரிசத்தையும் இதனோடு இணைத்துக் கைப்பற்றுதலுக்கு முன்னோடி எனக் கொள்வது கவர்ச்சியானதே. ஆயினும் பெண்ணுக்கெனக் கொடுக்கும் பொருளைக் குறிக்கும் பரியம் என்னும் வடிவமும் தமிழில் உண்டு. உயிர் உசிராதலும் முயல் முசலாதலும் போலப் பரியம் பரிசமாயிற்று எனல் பொருந்தும். முலைவிலை என்னும் சொல்லைச் சங்க அகப்பாடல்கள் கூசாது ஆள்வதையும் நோக்குக.

அவ்வாறாயின் பரிசம் விலைதானா? ஆரிட மணத்தில் பெறப்படும் ஆவும் ஏறும் விலையே என்பாரை மறுக்க மனுநூல் முற்படுகின்றது. வினா பழையது என்பதற்கு அதுவே சான்று. விற்பனை பொருள் கைமாறியதும் முடிந்துவிடும். பரிசத்திலோ அப்பொழுதுதான் உறவு தொடங்குகின்றது. ‘கொடுத்தல்’ என்னாது ‘போடுதல்’ என்னும் வழக்கும் கருதத்தக்கது. முடிச்சும் கையொப்பமும் போடப்படுவனவே. சபையறியத் தம்மைக் கட்டிக்கொள்ளும் செயல்கள் அவை. எனினும் மணமகன் வீட்டார் விலகின் போட்டதை இழப்பர், பெண் வீட்டார் விலகின் திருப்பிக் கொடுப்பர் என்னும் பொது வழக்கு சந்தையின் அச்சாரத்தையே நினைவூட்டுகின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று.

1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை பெண் கொண்டுசெல்லும் சீதனத்தைப் பேசுகின்றது. தோட்டத்திலோ பொருள் எதிர்த்திசையில் நடக்கின்றது. கொழுந்து பறிக்கும் மகள் புகுந்தவீடு சென்றால் பிறந்தவீட்டில் ஒரு பேர் குறைகின்றது. ஆடவர்க்கு நிகரான நாட்சம்பளம் 1984இலேதான் அவளுக்குக் கிட்டியது. அவள் உழைப்பின் பெறுமதியைத் துரைமாருக்கு முன்னரே பரிசத் தட்டு அறிந்திருந்தது போலும். ஆனால் அத்தட்டு எவர் முன் வைக்கப்படுகின்றது? தந்தையும் தோட்டத் தலைவரும் பேசி முடிப்பர். சேலை அவளுக்கு, சம்மதம் பிறருடையது. வாக்கு என்போமாயின், அது அவளுடைய வாக்காகவும் இருத்தல் வேண்டுமன்றோ?

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் அமையாத மண வாக்குறுதி மீறப்பட்டால் நட்டஈட்டு வழக்குத் தொடர இயலாது. வெற்றிலையும் சபையும் சான்றாகும் பரிசம் நீதிமன்றத்தில் ஊமையே. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, வாக்கைவிடத் தாளே வலிது என்பது மேலும் தெளிவாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கின. பரிசம் போட்ட இரு குடும்பங்களுள் ஒன்று இந்தியாவுக்கும் மற்றையது இலங்கைக்கும் விண்ணப்பித்திருப்பின், விலகியவர் யார்? அச்சார விதிக்கு இங்கு விடையில்லை. எவரும் வாக்குத் தவறவில்லை, வாக்கும் நிறைவேறவில்லை. சேலையை மடித்துத் திருப்பித் தருவதா, அதனை உடுத்துத் தலைமன்னாருக்கு வண்டியேறுவதா என்பதை அவள் ஒருத்தியே சொல்லியிருக்க முடியும்.