அடித்த கோட்டுக்கு அடியில்

1827 மார்ச் 27, செவ்வாய்க்கிழமை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் நிலவறை ஒன்றில் பிளினியன் சங்கத்தின் மாணவர்கள் கூடியிருந்தார்கள். சிப்பி ஓடுகளில் பெரிய மிளகு மணிபோல் ஒட்டிக்கிடக்கும் கறுப்பு உருண்டைகளைப் பற்றி 18 வயது மாணவர் ஒருவர் பேசினார். கடற்பாசியின் இளம் பருவம் என்றே அதுவரை எண்ணப்பட்டுவந்த அவை, திருக்கை மீன்மேல் ஒட்டி வாழும் ஓர் அட்டையின் முட்டைகள் என்றார். பாசிபோலத் தோன்றும் ஃப்ளஸ்ட்ரா என்ற கடலுயிரியின் முட்டைகளாகக் கருதப்பட்டவை தாமே நீந்துகின்றன என்பதையும் தெரிவித்தார். அவர் சார்ல்ஸ் டார்வின். அறிவியல் மேடையில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

அதே கூட்டத்தில் வில்லியம் பிரவுன் என்ற 21 வயது இளைஞரும் ஒரு கட்டுரை படித்தார். மனமும் உணர்வும் உடலுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆன்மாவின் செயல்கள் அல்ல, உடலமைப்பின், குறிப்பாக மூளையின், வேலைதான் என்பது அவருடைய வாதம். சங்கத்தின் குறிப்பேட்டில் அது பதிவானது. பின்னர் அந்த வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டன. அப்படியொரு கட்டுரை வரப்போகிறது என்று முந்தைய கூட்டத்தில் எழுதிவைத்த அறிவிப்பும் சேர்ந்தே அடிபட்டது. அட்டை முட்டைக்கு ஒரு தடையும் இல்லை.

இந்தப் பிளினியன் சங்கம் 1823-இல் தொடங்கியது. வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த ரோமானிய இயற்கை அறிஞர் பிளினியின் பெயரைத் தாங்கிய மாணவர் சங்கம் அது. இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சனின் ஆதரவு இருந்தாலும் கட்டுரை படிப்பவர்களும் வாதாடுபவர்களும் இளைஞர்களே. ஒரு மாணவர் பேச எழுந்து, முகம் சிவந்து, நெடுநேரம் திக்கி, கடைசியில் சொல்ல வந்ததே மறந்துவிட்டது என்று தலைவரிடம் சொல்லி உட்கார்ந்ததை டார்வின் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். அப்படித் திக்குகிறவர்களும் எழுந்து நிற்க இடம் கொடுத்ததுதான் அந்த நிலவறையின் பெருமை.

அங்கே கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 1826 நவம்பர் 28 அன்று டார்வினோடு உறுப்பினராகச் சேர்ந்தவர் வில்லியம் கிரெக். மனித மனத்தின் எல்லா ஆற்றல்களும் தாழ்ந்த விலங்குகளுக்கும் உண்டு என்று நிறுவப்போவதாக அவர் அறிவித்தார். உணர்ச்சிகளைக் காட்டுவதற்கென்றே படைத்தவன் மனித முகத்துக்குத் தனித் தசைகளைக் கொடுத்தான் என்ற சார்ல்ஸ் பெல்லின் கொள்கையை மறுக்கக் கிளம்பியவர் பிரவுன். டார்வினின் பெயரை முன்மொழிந்தவர்களில் பிரவுனும் இருந்தார், ஆழ்ந்த பக்தியுள்ள ஜான் கோல்ட்ஸ்ட்ரீமும் இருந்தார். நம்பிக்கையும் மறுப்பும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சங்கம் அது.

அப்படியிருந்தும் ஏன் கோடு விழுந்தது? அந்தக் காலத்தில் இந்த வாதத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் லாரன்ஸ் 1819-இல் வெளியிட்ட விரிவுரைகள் ஆன்மாவின் அழியாமையை மறுக்கின்றன என்று சொல்லி, 1822-இல் சான்சரி நீதிமன்றத்தில் எல்டன் பிரபு அந்நூலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புத் தர மறுத்துவிட்டார். விளைவு, அதை யார் வேண்டுமானாலும் மலிவாக அச்சிட்டு விற்றார்கள். அடக்க நினைத்த கருத்து தெருவுக்கு வந்தது.

விசுவாசிகளின் அச்சத்தை அற்பமென்று ஒதுக்கிவிடக் கூடாது. மூளை நின்றதும் மனமும் நின்றுவிடும் என்றால் இறந்த குழந்தையை மறுபடி காண்போம் என்று காத்திருக்கும் தாய்க்கு என்ன பதில்? செய்த பாவத்துக்குப் பொறுப்பேற்பவர் யார்? நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றைக் கேட்டிருக்க வேண்டிய இடம் அந்த நிலவறையே. பிரவுனின் கட்டுரைக்குக் கீழே மறுப்பை எழுதியிருக்கலாம். கோடு போட்டதால் பிரவுன் தோற்கவுமில்லை, ஆன்மா காப்பாற்றப்படவுமில்லை. எதிர்வாதத்தைப் பதிவில் வைத்துக்கொள்ளத் துணியாத நம்பிக்கை தன் வலிமையைத் தானே சந்தேகிக்கிறது.

மனத்துக்கும் மூளைக்கும் உள்ள உறவு பற்றிய கேள்வியைப் பிரவுன் கைவிடவில்லை. 1834-இல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் மனநலக் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். 1837-இல் காப்பகங்கள் எப்படி இருந்தன, எப்படி இருக்கின்றன, எப்படி இருக்கவேண்டும் என்று விளக்கி ஒரு நூல் எழுதினார். பைத்தியம் என்பது மூளைக்கு வந்த நோய், மனத்துக்கு வந்த கேடு அல்ல என்பது அதன் அடிப்படை. ஆன்மாவை நம்புகிறவரும் ஏற்கக்கூடிய வாதம் இது: கருவிதான் பழுது, அதைச் சரிசெய்தால் அறிவு மீண்டு வரும். பழுது என்றால் சாபமில்லை, தண்டனையுமில்லை, சங்கிலிக்கு வேலையுமில்லை. பின்னர் டம்ஃப்ரீஸ் நகரின் கிரைட்டன் மருத்துவமனையில் அவர் நோயாளிகளை நாடகம் நடிக்க வைத்தார், ஓவியம் வரைய வைத்தார். 1844 முதல் அங்கே நோயாளிகள் எழுதிய மாத இதழே வெளிவந்தது. மதத்துக்கு ஆபத்தென்று அஞ்சிய கருத்து, மதம் போதிக்கும் கருணைக்கே கைகொடுத்தது. கோல்ட்ஸ்ட்ரீமோ எடின்பரோ மருத்துவ மிஷனரிச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். அன்றைய கட்டுரை அவருடைய சேவைக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அடிபட்ட அந்தக் கட்டுரையைப் பற்றி டார்வினின் சுயசரிதையில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் 1838-இல் அவர் வைத்திருந்த சொந்தக் குறிப்பேடுகள் சிந்தனைக்கும் மூளைக்கும் உள்ள உறவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. 1872-இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றிய நூலில் அவர் பெல்லின் கொள்கையை வெளிப்படையாகவே மறுத்தார். அதற்காக மனநோயாளிகளின் புகைப்படங்களையும் கவனிப்புகளையும் அவருக்கு அனுப்பிவைத்தவர் மருத்துவர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன். அவர் வில்லியம் பிரவுனின் மகன்.