காத்திருப்பதும் வைத்தியம்

பிரசவத் தேதிக்கு வெகுநாள் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், பழப்பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதையாச்சும் தூக்கினியாடி?" தண்ணீர்க் குடம், மூத்த பிள்ளை, மாடிப்படி, பஸ் பயணம், பப்பாளி என்று விசாரணை நீளும். அது முடிந்ததும் ஆறுதல்: "நீ தைரியமா இருந்தாத்தான் குழந்தை நல்லாயிருக்கும்." இரண்டும் பிரியத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் முதலாவது நடந்ததற்கு அவளைப் பொறுப்பாக்குகிறது, இரண்டாவது நடக்கப்போவதற்கும்.

எனக்கு இருந்தது நஞ்சு இறக்கம்: நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை ஒட்டிக் கீழே அமைந்துவிடுவது. சுமார் 200 பிரசவங்களுக்கு ஒன்றில் வருமாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு அது பிறகு "ஏறிவிடும்". நஞ்சு எங்கும் ஏறுவதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து நீள, ஒட்டியிருந்த இடம் வாயைவிட்டுத் தள்ளிப் போகிறது. எனக்குத் தள்ளிப் போகவில்லை. கடைசி மாதங்களில் அந்தக் கீழ்ப்பகுதி மெலிந்து விரியும்போது நஞ்சின் ஓரம் பிரிந்து ரத்தம் வரும். வலி இருக்காது. தூங்கிக்கொண்டிருக்கும்போதே வரலாம்; எனக்கு அப்படித்தான் வந்தது. முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். என் மூத்தவள் சிசேரியனில் பிறந்தவள்.

குடத்துக்கும் பப்பாளிக்கும் இதில் பங்கில்லை என்பதை டியூட்டி டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கடியில் பத்திரப்படுத்தி, அடுத்து வந்த பெரியம்மாவுக்குக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "அது சரி, ஆனா நீ மாடி ஏறினேல்ல?" என்றார்.

ரத்தம் நின்றபிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். விடியுமுன் சிஸ்டர் வந்து பிபி பார்ப்பார், வயிற்றில் டாப்ளரை வைத்துத் துடிப்புக் கேட்பார், "ரத்தம் பட்டிருக்காம்மா?" என்பார். இல்லை என்பேன். ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைப் புரட்டி, அதே சிகிச்சையைத் தொடரும்படி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிகிச்சை என்று எதுவும் கண்ணில் படாத எனக்கு அந்த வரி எரிச்சலாக இருக்கும். இரும்பு மாத்திரையும் சோறும்தானே, இதை வீட்டிலேயே சாப்பிட மாட்டேனா? வீட்டில் என் மகள் அம்மாவிடம் இருந்தாள். வீடியோ காலில் என் முகம் தெரிந்தால் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினாள்.

எரிச்சலைத் தணித்தது வயதில் மூத்த ஒரு டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்ன கதை. ஒரு காலத்தில் இப்படி ரத்தம் கண்டால் உடனே பிரசவத்தை முடித்துவிடுவார்களாம். தாயைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மாதம் நிறையாத குழந்தைகள் பிழைக்காமல் போயின. 1945-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மெக்காஃபி என்ற மகப்பேறு மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்காமல் இருந்தால் முதல் ரத்தப்போக்கு தாயின் உயிரைப் பறிப்பது அபூர்வம். ஆகவே அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வோம், ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும் தயாராக இருக்கட்டும், குழந்தை வளரும்வரை பொறுப்போம் என்றார். என் கட்டிலும் "ஒன்றும் நடக்காத" என் நாட்களும் ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்தவை என்று அன்றுதான் தெரிந்தது.

சேர்ந்த அன்றே எனக்கு ஆரம்பித்த ஊசிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பன்னிரண்டு மணிக்கொரு தரம் நான்கு முறை போடுகிற ஸ்டீராய்டு ஊசி அது. குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்தும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், செம்மறியாட்டுக் குட்டிகளிடம் வேறு எதையோ ஆராயப் போய், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராத விதமாக மூச்சுவிடுவதைக் கவனித்தார். பிறகு ஹோவி என்ற சக மருத்துவரும் அவரும் சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1972-ல் வெளிவந்தன. இடுப்பில் வலித்த இடத்தைத் தடவிக்கொண்டே அந்த ஆட்டுக்குட்டிகளை நினைத்துக்கொள்வேன்.

காத்திருப்பது வைத்தியம் என்றதும் அசையாமல் கிடக்க வேண்டும் என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. முழுநேரமும் படுத்தே இருப்பது ரத்தப்போக்கைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்துதான் கூடும். பாத்ரூமுக்குப் போகலாம், வராந்தாவில் மெதுவாக நடக்கலாம். தியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். இது தெரிந்தபிறகு வராந்தாவில் நடப்பதில் எனக்கு ஒரு மிடுக்கே வந்துவிட்டது.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்பிணி வார்டில் அவர்களுக்கு வேலை கிடையாது. பார்வை நேரம் முடிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மரத்தடியில் போனும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்கள். எனக்காக ரத்தம் எடுத்துவைக்க வேண்டும், ஆள் கூட்டி வாருங்கள் என்று சொன்ன அன்று என் கணவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவரும் தம்பியும், தம்பியின் கம்பெனிப் பையன்களும் ரத்த வங்கியில் வரிசையாக நின்றார்கள். கையில் பஞ்சோடு வந்து நின்ற தம்பி, "அக்கா, இப்ப நீ பயப்படாத" என்றான். நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அவனுக்குப் பயம் பாதியாகக் குறைந்திருந்தது.

பயம் குழந்தையைத் தாக்கும் என்று மிரட்டியே என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். ஒருநாள் நான் தேம்பி அழுதுகொண்டிருக்கும்போதே சிஸ்டர் டாப்ளரோடு வந்துவிட்டார். நூற்று நாற்பது. சுத்தமான கணக்கு. "நீ அழு கண்ணு, பாப்பா அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கு" என்றார். அன்றைக்குப் பிறகு அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு பிபி. கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. அவளைப் பொறுத்தவரை காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் பிரசவத்தை முடிப்பது தவிர வைத்தியம் இல்லை. மாத்திரை கூட்டினார்கள், ஊசி போட்டார்கள், பிபி இறங்கவில்லை. குழந்தையை எடுத்தார்கள். தங்கவில்லை. சாமான் எடுக்க வந்த மாமியார், "ராத்திரியெல்லாம் போன் பாத்துக்கிட்டே கெடந்தா" என்று வார்டுக்கே கேட்கச் சொன்னார். சிஸ்டர் விடவில்லை. "நஞ்சுலயே கோளாறும்மா. போனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நாங்க குடுத்த மருந்துதான் கேக்கல. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு 37-வது வாரத்தில் சிசேரியன். பையன், எடை பரவாயில்லை, பிறந்ததும் கத்தினான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நீ தைரியமா இருந்ததாலதான்" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரி என்னைவிடத் தைரியசாலி. அங்கே இருந்தவரை அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.