உடைமையும் கடனும்: நாட்டார் மெட்டு எழுப்பும் ஓர் அறவியல் வினா

பொருளொன்றை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்தவரிடம் அது இல்லாதொழிகின்றது. மெட்டு அத்தகையதன்று. கற்பித்த பின்னரும் அது கற்பித்தவரிடம் குறைவின்றி எஞ்சி நிற்கின்றது. அவ்வாறாயின், எவருக்கும் இழப்பு நேராத வகையில் ஒன்றைப் பெற்றவர் தமக்கு அதனைத் தந்தவருக்குக் கடன்பட்டவர் ஆவாரா? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் அதனை அடுத்த தென் மாநிலங்களிலும் வழங்கிவரும் பழைய பிடில், பாஞ்சோ இசைமரபு தக்கதொரு களமாகும்.

ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் பிடிலைக் கொண்டுவந்தனர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோர் தம் தாயகத்து நரம்புக் கருவிகளின் நினைவிலிருந்து பாஞ்சோவை உருவாக்கினர். இவ்விரு கருவிகளும் இணைந்த நடன இசை பெரிதும் செவிவழியாகவே பரவியது. இன்றும் இசைப்போர் வட்டமாக அமர்ந்து, இரு பகுதிகளைக்கொண்ட சிறிய மெட்டொன்றை எல்லோரும் சேர்ந்து பலமுறை திரும்பத் திரும்ப வாசிப்பர். புதிதாக வந்தவர் ஓரத்தில் அமர்ந்து அதனைக் காதாற் பற்றிக்கொள்வார். இன்ன மெட்டு இன்னாரிடம் கற்றது எனக் கூறுவதும் இவர்களிடையே காணப்படும் ஒரு வழக்கமாகும்.

இவ்வழக்கம் வெறும் உபசாரமா, அன்றி அறக் கடப்பாடா? இதுபற்றி இரு கருத்துகள் கூறப்படலாம். படைத்தவனுக்கே படைப்பு உரியது என்பது ஒன்று. ஆனால் இம்மெட்டுகளுட் பெரும்பாலானவற்றின் படைப்பாளர் அறியப்படாதவர். ஆதலால் அவை யாவர்க்கும் பொது. எடுப்பவர் எவருக்கும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்பது மற்றது. இவ்விரண்டாவது கருத்து தாராள மனப்பான்மையுடையதாகத் தோன்றினும், நடைமுறையில் அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

1937ஆம் ஆண்டில் அலன் லோமக்ஸ் கென்ரக்கி மாநிலத்தில் வில்லியம் ஸ்ரெப் என்னும் பிடில் கலைஞரின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். 'பொனபாட்டின் பின்வாங்கல்' என்னும் பழைய மெட்டு அவற்றுள் ஒன்று. ஏனையோர் அதனை மெதுவான அணிநடையாக வாசிக்க, ஸ்ரெப் விரைந்த நடன மெட்டாக மாற்றி வாசித்தார். றூத் குறோபோட் சீகர் அதற்கு எழுதிய சுரக்குறிப்பு 1941இல் நூலொன்றில் வெளிவந்தது. மறு ஆண்டில் ஆரன் கொப்லண்ட் 'ரோடியோ' என்னும் பாலே நடனத்தின் இறுதிப் பகுதியில் அம்மெட்டை ஏறத்தாழ அவ்வாறே கையாண்டார். அவ்விசை உலகெங்கும் பரவியது. அதனைக் கேட்டு மகிழ்ந்தோருட் பெரும்பாலோர் 1957இல் மறைந்த ஸ்ரெப்பின் பெயரை அறியார். மெட்டு பொதுவானதே, ஆயினும் கொப்லண்டைக் கவர்ந்த விரைவும் வேகமும் ஸ்ரெப்பின் கைவண்ணம். 'மக்கள் இசை' என்னும் பொதுப்பெயர் இங்கே குறிப்பிட்ட ஒரு மனிதனின் உழைப்பை மறைத்துவிடுகின்றது.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சியும் உண்டு. 1966, 1967ஆம் ஆண்டுகளில் டியூக் பல்கலைக்கழக மாணவராயிருந்த அலன் ஜபூர், வெர்ஜினியாவைச் சேர்ந்த முதியவர் ஹென்றி ரீட்டின் மெட்டுகளை ஒலிப்பதிவு செய்ததோடு தாமும் அவற்றைக் கற்றார். ரீட் 1968இல் காலமானார். ஜபூரும் நண்பர்களும் பரப்பிய அம்மெட்டுகள் பல்லாயிரவர் கைகளை அடைந்தபோது ரீட்டின் பெயரும் உடன் சென்றது. ரீட்டும் தாம் இளமையில் குயின்ஸ் டில்லியன் என்னும் முதியவரிடம் கற்றவற்றை அவர் பெயராலேயே குறிப்பிட்டிருந்தார். இச்சங்கிலியில் எவரும் உரிமையாளர் அல்லர். எவரும் மறக்கப்பட்டவரும் அல்லர்.

ஆயின், பெயரே அழிக்கப்பட்ட இடத்தில் யாது செய்வது? பாஞ்சோவை ஆக்கிய அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வரிசைகளை வகுத்து, பிடில் இசையைப் பெரிதும் வெள்ளையர் வரிசையிலேயே சேர்த்தன. இதனால் இம்மரபு வெள்ளையருக்கே உரியதென்னும் எண்ணம் வேரூன்றியது. 2005 முதல் கறுப்பின இளைஞர் சிலர் வட கரோலைனாவில் முதிய பிடில் கலைஞர் ஜோ தொம்சனின் இல்லம் சென்று கற்று, 'கரோலைனா சொக்கலற் ட்ரொப்ஸ்' என்னும் குழுவாக மேடையேறினர். தொம்சன் 2012இல் மறைந்தார். அவரிடமிருந்து பெற்றதை அவர்கள் வெளிப்படையாகக் கூறியமை நன்றியுரையாக மட்டுமன்றி, வரலாற்றுத் தவறொன்றின் திருத்தமாகவும் அமைந்தது. பெயர் தெரியாதபோது கடன் அற்றுப்போவதில்லை. அதனைச் செலுத்த வேண்டிய இடம் தனிமனிதரிலிருந்து சமூகத்துக்கு மாறுகின்றது என்பதே இதனாற் பெறப்படுவது.

தமிழில் 'கடன்' என்னும் சொல் திருப்பித் தரவேண்டியதையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே உணர்த்தும். மெட்டைப் பெற்றவரின் நிலையை விளக்க இதனினும் பொருத்தமான சொல் இல்லை எனலாம். உடைமையாயின் வேலியிடலாம்; பொதுவாயின் மறந்துவிடலாம். கடனாயின் இரண்டும் இயலா. பெற்றவர் அதனை மறைக்காது பிறருக்கு வழங்க வேண்டும். வழங்கும்போது தந்தவரைச் சொல்லவேண்டும். அதனாற் பொருள் ஈட்டுவாராயின், சட்டம் கேளாதபோதும், தந்தவருக்கோ அவருடைய சமூகத்துக்கோ அதில் ஒரு பங்கை உரியதாக்க வேண்டும். பிறர் ஆய்ந்தவற்றையும் எண்ணியவற்றையும் நாள்தோறும் பெற்று வளரும் கல்வியுலகுக்கும் இக்கடன் பொருந்தும்.