நோவு கற்பிக்குமா?

குதிரையைப் பழக்க இரு வழிகள் உண்டு: ஒன்று நோவூட்டிப் பணிய வைப்பது, மற்றொன்று உணர்த்தி இசைய வைப்பது.

அமெரிக்காவின் டென்னசி நடைக்குதிரைகளின் முன்னங்கால்களில் எரிச்சலூட்டும் மருந்தைத் தடவிச் சங்கிலி பூட்டுவோர் உளர். நோவு தாளாது குதிரை காலை உயர்த்தி வீசும். அதனையே நடையழகென்று காட்டிப் பரிசு பெறுவர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடுத்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை.

வற்புறுத்தலால் குதிரை செய்வதில் அறிவுமில்லை, அழகுமில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தெளிந்து கூறினார்.

பொறுமைக்குக் காலம் மிகுதியாகும் என்பது உண்மையே. ஆனால் குறுக்குவழியின் ஆதாயம் பழக்குவோனுக்கு. விலை செலுத்துவதோ வாயில்லா உயிர். தன் அவசரத்திற்குப் பிறிதோர் உயிரின் வேதனையை விலையாக்க எவருக்கு உரிமை உண்டு? கற்பிப்போர் அனைவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினா இது.