யார் எழுதிய வரி இது?

மேடையில் ஐந்து பேர் நிற்பார்கள். உழைத்தவர் ஒருவராகவே இருப்பார். கல்லூரி குரூப் பிரசன்டேஷனில் இது பழகிப்போன காட்சி. ஆனால் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளில் யார் உழைத்தார் என்பதை மறைப்பது கடினம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் வளர்க்கிறார்கள். அதற்காக 2005இல் அவர் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவி, நிரலின் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளில் நாளை வேலைக்குச் சேரப்போகும் மாணவர்களே! அங்கேயும் ஒரு கார் பல கைகள் மாறித்தான் முழுமை பெறுகிறது. ஒருவர் முடுக்காமல் விட்ட போல்ட், அடுத்தவர் தலையில் விழும். அந்தப் பொறுப்பை வகுப்பிலேயே பழகுங்கள். உங்கள் பங்கை நீங்களே செய்யுங்கள். உதவியவர் பெயரை மேடையில் உரக்கச் சொல்லுங்கள்.